பழைய நூலில் குரோஷே பின்னுவதற்கு முன்

அம்மம்மாவின் அலுமாரியில் பழைய குரோஷே நூல் (கொக்கி ஊசியால் பின்னும் நூல்) கிடைத்தால் தயவுசெய்து எறிந்துவிடாதீர்கள். ஒரு முழம் எடுத்துச் சுண்டி இழுத்துப் பாருங்கள். பட்டென்று அறுந்தாலும் பந்தின் உள்நூலையும் சோதியுங்கள். வெளிச்சம் பட்ட மேற்சுற்று மட்டும் நைந்திருக்கலாம். நல்ல நூலைச் சிட்டமாக, அதாவது பெரிய வளையமாகச் சுற்றி, நாலு இடத்தில் தளர்வாகக் கட்டி, இளஞ்சூட்டுத் தண்ணீரில் அலசி நிழலில் காயவிடுங்கள். யாழ்ப்பாணத்துச் சுண்ணாம்புக்கல் நிலத்துக் கிணற்றுத் தண்ணீரில் சவர்க்காரம் லேசில் நுரைக்காது. பிடித்துவைத்த மழைத்தண்ணீர் இருந்தால் அதுதான் நல்லது.

சரி, பின்னல் மாதிரிகள் உள்ள புத்தகம்? அதில் பின்னல் வகைகளின் பெயர்களைக் கவனியுங்கள். பிரித்தானியப் புத்தகத்தில் 'டபுள் குரோஷே' என்றிருப்பது அமெரிக்கக் காணொளிகளில் 'சிங்கிள் குரோஷே'. 'ட்ரெபிள்' என்பது அங்கே 'டபுள்'. புத்தகத்தில் எங்காவது 'சிங்கிள் குரோஷே' வந்தால் அது அமெரிக்க முறை என்று பெரும்பாலும் கொள்ளலாம். இதைப் பார்க்காமல் தொடங்கினால் அளவே மாறிவிடும்.

முதல் வேலைக்குப் பால் செம்பு மூடிதான், அதாவது பால் செம்பின் மேல் போடும் பின்னல் விரிப்புத்தான் என் தெரிவு. மிச்ச நூலே போதும், விளிம்பில் தொங்கும் மணிகள் அத்தனை அழகு. அந்த மணிகளைப் பின்னத் தொடங்கும் முன்பே நூலில் கோத்து வைத்துக்கொள்ளுங்கள்.