பெங்களூரிலிருந்து மழைக்காட்டு விடுதிக்கு: முதல்முறை போகிறவர்களுக்கான செய்முறை

அல்சூரிலோ இந்திரா நகரிலோ இருக்கும் நம் ஆட்கள் 'காட்டுக்குப் போகிறோம்' என்று சொன்னால் பெரும்பாலும் அது பந்திப்பூராகவோ கபினியாகவோ இருக்கும். ஜீப்பில் ஏறினால் யானை, காட்டெருமை, கொடுத்துவைத்திருந்தால் புலி. மழைக்காட்டில் அந்தக் கணக்கு செல்லாது. மரங்கள் அவ்வளவு அடர்த்தி, பெரிய விலங்கு பத்தடியில் நின்றாலும் தெரியாது. அங்கே பார்க்கக் கிடைப்பது தவளை, பாம்பு, பூச்சி, காளான், பறவை. நடந்து, நின்று, குனிந்து பார்க்க வேண்டிய காடு அது. இடம், மாதம், பை, செருப்பு எல்லாவற்றையும் இதை மனதில் வைத்துத்தான் முடிவுசெய்ய வேண்டும்.

படி 1: இடத்தைத் தேர்ந்தெடுங்கள்

பெங்களூரிலிருந்து ஓர் இரவுப் பயணத்தில் எட்டக்கூடிய நல்ல மழைக்காடு ஆகும்பே, சோமேஸ்வரா, குதிரேமுக் பகுதி. மேற்குத் தொடர்ச்சி மலையின் 39 இடங்களை யுனெஸ்கோ 2012ல் உலகப் பாரம்பரியச் சொத்தாக அறிவித்தபோது இவையும் அதில் சேர்ந்தன. கர்நாடக அரசின் ஜங்கிள் லாட்ஜஸ் நிறுவனத்துக்கு ஹெப்ரி பக்கம் சீதாநதி முகாமும், குதிரேமுக்கில் பகவதி முகாமும் இருக்கின்றன. இரண்டும் எளிமையான தங்குமிடங்கள். நட்சத்திர விடுதி வசதியை எதிர்பார்க்காதீர்கள். ஆகும்பே ஊரைச் சுற்றி, பாக்குத் தோட்டங்களுக்குள் சிறிய ஹோம்ஸ்டேக்களும் உண்டு.

ஆகும்பே மழைக்காட்டு ஆராய்ச்சி நிலையத்தைப் பற்றிப் பலர் கேட்பார்கள். சென்னை முதலைப் பண்ணையைத் தொடங்கிய ரோமுலஸ் விட்டேகர்தான் 2005ல் அதையும் தொடங்கினார். ராஜநாகங்களுக்கு ரேடியோ கருவி பொருத்திக் காட்டில் பின்தொடரும் வேலை 2008ல் அங்கே ஆரம்பித்தது. அது வேலை நடக்கும் நிலையம். முன்கூட்டியே எழுதிக் கேட்டு, அவர்கள் சரி என்றால் மட்டும் போங்கள்.

எந்த இடமாக இருந்தாலும் முன்பதிவுக்கு முன்னால் போன் செய்து இவற்றைக் கேளுங்கள். காட்டை அறிந்த வழிகாட்டி கூட வருவாரா? இருட்டிய பிறகு நடக்கக் கூட்டிப்போவது எங்கே, சொந்த நிலத்திலா? (சரணாலயத்துக்குள் இரவில் நடக்க அனுமதி கிடையாது. 'கூட்டிப்போகிறோம், யாரும் கேட்கமாட்டார்கள்' என்று சொன்னால் அந்த இடம் வேண்டாம்.) இரவு முழுக்க வெளிவிளக்கு எரியுமா? கேம்ப்ஃபயர், டிஜே என்று அவர்களாகவே பெருமையாகச் சொன்னால் நான் அதோடு போனை வைத்துவிடுவேன். தவளை கத்துவதைக் கேட்கப் போகிற இடத்தில் ஸ்பீக்கருக்கு என்ன வேலை?

படி 2: மாதம்

பெங்களூரில் வருடத்துக்குச் சுமார் 1,000 மில்லிமீட்டர் மழை. ஆகும்பேயில் சராசரி 7,000ஐத் தாண்டும், அதில் பெரும்பகுதி ஜூன் முதல் செப்டம்பருக்குள் கொட்டிவிடும். தவளைக்கும், இருட்டில் பச்சையாக ஒளிரும் காளானுக்கும் அதுதான் காலம். ஆனால் மின்சாரம் போகும், சாலை அடைபடும், துணி காயவே காயாது. முதல்முறை போகிறவர்களுக்கு அக்டோபர், நவம்பர்தான் என் சிபாரிசு. ஓடையில் தண்ணீர் இருக்கும், காடு ஈரமாக இருக்கும், மழையும் ஓரளவு விட்டிருக்கும்.

டிசம்பர் முதல் மே வரை போனால் உண்ணி விஷயத்தில் கூடுதல் கவனம் வேண்டும். காரணம் கீழே.

படி 3: போய்ச் சேர்வது

பெங்களூர் மெஜஸ்டிக் பஸ் நிலையத்திலிருந்து இரவு பஸ், அல்லது ஷிவமொக்கா வரை ரயில், அங்கிருந்து தீர்த்தஹள்ளி வழியாக ஆகும்பே. மொத்தம் சுமார் 350 கிலோமீட்டர். இரண்டு இரவாவது தங்குங்கள். சனிக்கிழமை மதியம் போய் ஞாயிறு காலை கிளம்பினால் அலுப்புதான் மிஞ்சும்.

படி 4: பை

ஜீன்ஸ் வேண்டாம், நனைந்தால் காயாது. சீக்கிரம் காயும் முழுக்கால் சட்டை, முழுக்கை சட்டை, கணுக்காலை மூடும் ஷூ, கூடுதல் சாக்ஸ் இரண்டு ஜோடி, மழைக்கோட்டு. ஆகும்பே ஏறக்குறைய 650 மீட்டர் உயரம்தான், ஊட்டிக் குளிர் இல்லை. கனமான ஸ்வெட்டர் தேவைப்படாது. தலையில் மாட்டும் டார்ச் ஒன்று, கையில் பிடிக்கும் டார்ச் ஒன்று. போனையும் மருந்தையும் ஜிப் பையில் போட்டுவிடுங்கள். பெரியவர்களை அழைத்துப்போவதானால் படிக்கட்டு எத்தனை, கழிப்பறை அறையோடு சேர்ந்ததா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

படி 5: அட்டை, உண்ணி, பாம்பு

எல்லோரும் பயப்படுவது அட்டைக்கு. உண்மையில் மூன்றில் அதுதான் சாது. அட்டைக்கென்றே விற்கும் நீளச் சாக்ஸை முழங்கால் வரை ஏற்றி, பேண்டை அதற்குள் விடுங்கள். கடித்துவிட்டால் பதறாமல், வாய் ஒட்டியிருக்கும் இடத்தில் நகத்தை நுழைத்துத் தள்ளினால் விழுந்துவிடும். ரத்தத்தை உறையவிடாத பொருள் அதன் எச்சிலில் இருப்பதால் கொஞ்ச நேரம் கசியும். கழுவி, துணி வைத்து அழுத்தினால் போதும். அட்டைக்கென்று உப்பை வழியெல்லாம் தூவாதீர்கள். தவளைகளுக்குத் தோல்தான் பாதி மூச்சு. உப்பும் கொசு மருந்தும் அந்தத் தோலுக்கு ஆகாது. மருந்து தடவிய கையால் தவளையைத் தொடவும் கூடாது.

உண்ணிக்குத்தான் நிஜமாகவே கவனம் வேண்டும். குரங்குக் காய்ச்சல் 1957ல் இதே ஷிவமொக்கா மாவட்டத்தின் கியாசனூர் காட்டில்தான் கண்டுபிடிக்கப்பட்டது. அதைப் பரப்புவது உண்ணி, வறண்ட மாதங்களில் அதிகம். சருகின் மேல் உட்காராதீர்கள். திறந்த தோலில் பூச்சி விரட்டி தடவுங்கள். நடந்து வந்ததும் துணியை மாற்றி வெந்நீரில் ஊறப்போட்டு, சோப்புப் போட்டுக் குளித்து, அக்குள், முழங்கால் மடிப்பு, காதோரம் எல்லாம் பாருங்கள். குரங்கு செத்துக் கிடந்தால் கிட்டே போகாமல் விடுதியில் சொல்லுங்கள்.

பாம்புக்கு ஒரே விதி: டார்ச் அடித்துப் பார்க்காத இடத்தில் காலையோ கையையோ வைக்காதீர்கள். மலபார் குழிவிரியன் இடுப்புயரக் கிளையில் அசையாமல் இருக்கும். பச்சை, பழுப்பு, மஞ்சள் என்று பல நிறம். வழுக்கினால் கிளையைப் பிடிக்கும் பழக்கம் இங்கே ஆபத்து, ஒரு கம்பு வைத்துக்கொள்ளுங்கள். நம் நாட்டில் கிடைக்கும் விஷமுறிவு மருந்து நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்குக்கும் ஆனது. ராஜநாகத்துக்கும் குழிவிரியனுக்கும் அது பொருந்தாது. அதனால் தூர நின்று பாருங்கள்.

படி 6: தங்கும்போது

வெந்நீர் விறகடுப்பில் காயும், முறை வரும்வரை காத்திருங்கள். சோலார் மின்சாரம் என்றால் போன் சார்ஜ் பகலிலேயே. போனதும் சூடாகக் கஷாயம் தருவார்கள், காலையில் அரிசி மாவில் சுட்ட அக்கி ரொட்டியோ, ஆவியில் வேகவைத்த கடுபோ இருக்கும். வேண்டாம் என்று சொல்லி நூடுல்ஸ் கேட்காதீர்கள். சமைக்கிற அக்காவிடம் கன்னடம் அரைகுறையாக இருந்தாலும் பேசுங்கள்; எந்த மரத்தில் இருவாட்சிப் பறவை வந்து உட்காரும் என்று வழிகாட்டிக்கு முன்னால் அவர் சொல்லிவிடுவார்.

சரணாலயத்துக்குள் தீ மூட்டுவது, விலங்கைச் சீண்டுவது, குப்பை போடுவது மூன்றும் 1972ஆம் வருட வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். ஓடையில் ஷாம்பு போட்டுக் குளிப்பதையும் தயவுசெய்து விட்டுவிடுங்கள்.

படி 7: நடப்பது

விடிவதற்கு முன் எழுந்து வாசலில் உட்காருங்கள். யாரோ ஒரு பையன் சீட்டியடித்துக்கொண்டு போவது போலக் கேட்டால் அது சீகாரப் பூங்குயில். பகலில் பாக்கு மரத் தண்டுகளை அண்ணாந்து பாருங்கள், பறக்கும் ஓணான் தாடையின் கீழிருக்கும் மஞ்சள் மடிப்பை விரித்து மூடும். இரவு நடையில் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை நின்று, ஓடையோரத்து இலைகளின் அடியில் பாருங்கள். ஃபிளாஷ் வேண்டாம். தூரத்தை அளக்காதீர்கள், நூறு மீட்டருக்கு ஒரு மணி நேரம் ஆனாலும் அது நல்ல நடைதான்.

படி 8: திரும்பிய பிறகு

எடுத்த படங்களை ஐநேச்சுரலிஸ்ட்டில் (பார்த்த உயிர்களைப் பதிவுசெய்யும் இணையதளம்) ஏற்றுங்கள், ஆனால் ராஜநாகம், அரிய தவளை என்றால் இடத்தை மறைத்துவிடுங்கள். படத்தைப் பார்த்துப் பிடிக்க வருகிறவர்கள் இருக்கிறார்கள். அப்புறம், பத்து நாளுக்குள் திடீர்க் காய்ச்சல், தலைவலி, உடம்புவலி வந்தால் அது குரங்குக் காய்ச்சலாகவும் இருக்கலாம், பாராசிட்டமாலோடு நிறுத்தாமல் டாக்டரைப் பாருங்கள். எந்தக் காட்டுக்கு, எந்தத் தேதியில் போனீர்கள் என்பதை அவர் கேட்பதற்கு முன்பே சொல்லிவிடுங்கள்.