பழைய ஹைபிரிட் கார், அதாவது பெட்ரோல் இன்ஜினோட மின் மோட்டாரும் இருக்கிற வண்டி, வாங்கப் போறியா தம்பி?

தண்டையார்பேட்டையில நான் பார்த்த முதல் வண்டி மாருதி கிராண்ட் விட்டாரா. விக்கிறவர் முன்னாடியே ஓட்டி, இன்ஜினைச் சூடாக்கி வெச்சிருந்தார். நீ காலையில போ, ஆறின வண்டியை நீயே ஸ்டார்ட் பண்ணு.

முதல்ல அது ஸ்ட்ராங் ஹைபிரிட்டா, மைல்டா கேளு. மைல்டுல மோட்டார் மட்டும் வண்டியை இழுக்காது. அதுக்கு ஹைபிரிட் விலை கொடுக்காதே. ஸ்ட்ராங்னா மெதுவா நகர்த்தும்போது இன்ஜின் அணைஞ்சு, சத்தமில்லாம போகணும். டிராஃபிக்ல கால் மணி நேரம் ஓட்டு. டேஷ்போர்டுல பேட்டரி சார்ஜ் காட்டுற கோடு சடார்னு ஏறி இறங்கினா பேட்டரி களைச்சுப் போயிருக்கலாம். கிராண்ட் விட்டாரா, டொயோட்டா ஹைரைடர் ஸ்ட்ராங் ஹைபிரிட் பேட்டரிக்கு 8 வருஷம் அல்லது 1,60,000 கிலோமீட்டர் வாரண்டி. சர்வீஸ் ரெக்கார்டோட ஒப்பிட்டுப் பாரு.

நம்ம வட சென்னைப் பக்கம் இன்னொண்ணு, தண்ணி. 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல்ல எர்ணாவூர்ல எண்ணெய் கலந்த வெள்ளம் வீட்டுக்குள்ளேயே வந்துச்சு. அதனால மிதியடியைத் தூக்கி, கார்ப்பெட் அடியில மோந்து பாரு. சீட் போல்ட்டுல துரு, சீட் பெல்ட்டை முழுசா இழுத்தா சேறு இருக்கான்னு பாரு. காசிமேடு உப்புக்காத்துல நின்ன வண்டின்னா அடிப்பக்கமும் பார்க்கணும். ஆரஞ்சு நிற வயரை மட்டும் தொடாதே, உயிர் போற வோல்டேஜ். அதை ஸ்கேனர் வெச்சிருக்கிற மெக்கானிக் பார்ப்பார்.