கார் கைமாறியது, பெயர் மாறியதா?

பழைய காரை விற்றுப் பணத்தை எண்ணி வாங்கியதும், ஆர்சி புத்தகத்தில் பெயர் மாற்றும் வேலையை வாங்கியவரிடமே விட்டுவிடுவது சென்னையில் பலரது வழக்கம். அந்தக் கார் நாளை கத்திப்பாராவில் ஒருவர் மீது மோதினால், இழப்பீட்டு வழக்கின் சம்மன், பதிவேட்டில் பெயர் உள்ளவரின் வீட்டுக்கே வரும். சட்டப்படி அவரே உரிமையாளர் என்று உச்ச நீதிமன்றம் 2018-இல் தெளிவாக்கிவிட்டது. காப்பீடு நடப்பில் இருந்தால், மூன்றாம் நபரின், அதாவது விபத்தில் அடிபட்ட வெளியாளின், உயிரிழப்புக்கும் காயத்துக்கும் உச்சவரம்பின்றி காப்பீட்டு நிறுவனம் கொடுக்கும். காலாவதியாகியிருந்தால் மொத்தத் தொகையும் உங்கள் தலையில்தான். ஓட்டியவருக்கு உரிமம் இல்லையென்றாலும் சிக்கலே. நிறுவனம் முதலில் கொடுத்துவிட்டு, பிறகு உரிமையாளரிடம் வசூலித்துக்கொள்ள நீதிமன்றங்கள் அனுமதிப்பதுண்டு. ஆகவே விற்ற 14 நாள்களுக்குள் கைமாறியதைத் தெரிவிக்கும் படிவம் 29-ஐ வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் சேர்ப்பித்து, புதிய பெயர் பதிவேறிவிட்டதா என்று அரசின் வாகனப் பதிவு இணையதளமான பரிவாகனில் நீங்களே பாருங்கள். தரகரின் வாய்ச்சொல் போதாது.