வாயில் ‘ஒண்டு’, கொப்பியில் ‘ஒன்று’

போன மாதம் என் பேரன் சொல்வதெழுதல் கொப்பியைக் கட்டிலுக்குக் கீழே ஒளித்து வைத்திருந்தான். தரம் 2 படிக்கிற பிள்ளை. எடுத்துப் பார்த்தேன். ‘மூண்டு கண்டு நிண்டது’ என்று எழுதியிருந்தான். வரி முழுக்கச் சிவப்பு மை. “அம்மம்மா, நான் கதைக்கிற மாதிரித்தானே எழுதினனான்” என்றான், கண் கலங்க.

அவன் சொன்னது சரி. எங்கள் வீடுகளில் ஒண்டு, மூண்டு, கண்டுக்குட்டி என்றுதான் கதைக்கிறோம். மழையை மளை என்கிறோம். யாழ்ப்பாணத்துக் கொண்டாவிலில் 28 வருடம் சின்ன வகுப்புகளுக்குப் படிப்பித்த எனக்கு இதில் ஒரு பிடிவாதம் உண்டு: பிள்ளையின் பேச்சைப் பிழை என்று சொல்லக்கூடாது. “நாங்கள் இப்படிக் கதைப்பம், எழுதேக்க இப்படி எழுதுவம்” என்று இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டுங்கள். கதைக்கிறதே பிழை என்றால் பிள்ளை வாயை மூடிவிடும். வாயை மூடின பிள்ளைக்கு எழுத்துக் கூட்டப் பழக்க முடியாது.

முதலில் சத்தம். விஜயதசமியில் ஏடு தொடக்கி, அரிசியில் ‘அ’ எழுதின கையோடு 247 எழுத்தையும் பாடமாக்க வைக்கிற அவசரம் வேண்டாம். பழைய ஆட்கள் போல எழுத்தின் பெயரைச் சொல்லியும் வாசிக்கப் பழக்காதீர்கள். பானா, டானா, இம்மன்னா என்று சொல்லிக்கொண்டு போகிற பிள்ளைக்கு அதிலிருந்து ‘படம்’ எப்படி வரும்? ப, ட, ம் என்று சத்தத்தை மட்டும் சொல்லுங்கள். முதலில் ஆறுதலாக, பிறகு நெருக்கி, பிறகு ஒரே மூச்சில்.

குறில் நெடிலுக்குக் கை போதும். ‘கல்’லுக்கு ஒரு தட்டு. ‘கால்’ என்றால் கையை இழுத்து விரிக்க வேண்டும். பல், பால், முடி, மூடி, எடு, ஏடு. கை பழகின பிறகு அரவும் (ா) கொம்பும் (ெ, ே) காட்டினால் எதற்காக அவை வருகின்றன என்று பிள்ளைக்கு விளங்கும். கொம்பு மட்டும் கொஞ்சம் கஷ்டம். எழுத்துக்கு முன்னால் நிற்கிறது, சத்தமோ பின்னால் வருகிறது. பெட்டி மட்டையில் கொம்பைத் தனியாகவும் எழுத்தைத் தனியாகவும் வெட்டி, பிள்ளையே சேர்த்து வைக்கட்டும்.

இனி அந்தச் சிவப்பு மைக்கு வருகிறேன். பேரனை விறாந்தையில் இருத்தி, நிலத்தில் வெண்கட்டியால் இரண்டு வீடு கீறினேன். ஒரு வீட்டில் ல, ன, ற. மற்றதில் ள, ண, ட. முதல் வீட்டு எழுத்துகளைச் சொல்லும்போது நாக்கு நுனி மேல்பல்லுக்குப் பின்னால் முட்டும். மற்ற வீட்டுக்கு நாக்கு மேலே வளைந்து அண்ணத்தில் முட்டும். கண்ணாடியைக் கையில் கொடுத்துப் பார்க்க விட்டேன். வீட்டுக்காரர் தங்களுக்குள்ளேதான் மாறுவார்கள். நில், நின்று. செல், சென்று. கல், கற்று. அடுத்த வீட்டில் கேள், கேட்டு, காண், கண்டு, நாள், நாட்கள். பிறகு கேட்டேன்: “கொல் எண்டால்?” யோசித்து, “கொன்று” என்றான். “கொள்?” “கொண்டு!” பேச்சில் இரண்டுமே எங்களுக்குக் ‘கொண்டு’தான். ஆனால் அவன் காதைக் கேட்காமல் வீட்டைப் பார்த்துச் சொன்னான். அதற்குப் பிறகு ‘நிண்டது’ எழுதவில்லை.

ட முன்னால் ண்தான் வரும், ற முன்னால் ன்தான் வரும் என்பதும் இதே வீட்டுக் கணக்கு. ஒன்று, மூன்று, கன்று போன்றவற்றுக்கு மூலச் சொல் காட்ட முடியாது. அவற்றைக் கண்ணில் படிய வைக்கத்தான் வேண்டும்.

ழகரத்துக்கு நான் பிடித்த வழி பஸ் போர்டு. யாழ்ப்பாணம் பஸ் ஸ்ராண்டில் நிற்கிற நேரம் வீணாகாது. ஏழாலை, சுழிபுரம், தெல்லிப்பழை, குப்பிழான் ஒரு பக்கம். அளவெட்டி, இளவாலை மறுபக்கம். வீட்டுக்கு வந்து சந்தைச் சாமானில் தொடருங்கள். வாழைக்குலைக்கு ழ, சாவாளை மீனுக்கு ள. எழுதும்போது மட்டும் ‘வாசிக்கிற குரலில்’ சொல்லச் சொல்லுங்கள். நாக்கு அண்ணத்தில் முட்டினால் ள. முட்டாமல் வளைந்து நின்றால் ழ.

பேரன் பஸ் ஸ்ராண்டிலேயே ஒரு கேள்வியும் கேட்டான். “ந சொல்லுக்கு முன்னுக்கும், த-வுக்கு முன்னுக்கும்தான் வரும் எண்டீங்கள். அப்ப திருநெல்வேலி?” எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. திரு, நெல்வேலி என்று பிரித்துக் காட்டினேன். ‘காங்கேசன்துறை’யில் து-வுக்கு முன்னால் ன் வந்ததும் அதே காரணம் என்று அவனே கண்டுபிடித்தான்.

தரம் 3 அளவில் இன்னொன்று சொல்லலாம். ட், ற் இரண்டுக்கும் பின்னால் குற்று (புள்ளி) வைத்த இன்னொரு எழுத்து வராது. ஆகவே முயற்சி, பயிற்சி, காட்சி, நாவற்குழி. ர், ழ் அப்படியல்ல: வளர்ச்சி, மகிழ்ச்சி. ‘முயற்ச்சி’ என்று பெரியவர்களே எழுதுகிறார்கள்.

‘ரீச்சர்’ (teacher) என்ற சொல்லையும் விளங்கப்படுத்துங்கள். எழுதியிருப்பது ர, சொல்வது வெற்றி, காற்று என்பவற்றில் வருகிற சத்தம். அந்தச் சத்தத்துக்குரிய ற சொல்லின் முதலில் வராதபடியால் எங்கள் ஊரில் ர போட்டு எழுதுகிறோம். ரயர் (tyre), ரோச் (torch) எல்லாம் அப்படித்தான். சொல்லின் நடுவில் வந்தால் ற்: பெற்றோல்.

ஒற்று மிகும் இடங்களை முழுக்கப் படிப்பிக்கிற வயது இதுவல்ல. ‘அந்த, இந்த, எந்த’வும், ‘ஐ’, ‘கு’ முடிவுகளும் போதும். இதில் மட்டும் பிள்ளையின் வாயை நம்பலாம். “கடைக்குப் போறன்”, “அந்தப் பெடியன்” என்று அவர்கள் ஏற்கெனவே அழுத்தித்தான் சொல்கிறார்கள். நேற்றுப் பின்னேரம் பேரன் ‘கன்று பாலைக் குடித்தது’ என்று எழுதினான். க் போட முன்னம் இரண்டு தரம் வாய்க்குள் சொல்லிப் பார்த்தான்.