நியூ ஆர்லியன்ஸில் ராக்பெல்லர் சிப்பி: எங்கே போவது, எப்படிக் கேட்பது, எப்படிச் சாப்பிடுவது

ஹூஸ்டனிலிருந்து லூசியானா மாநிலத்தில் உள்ள நியூ ஆர்லியன்ஸுக்குக் காரில் ஆறு மணி நேரம் ஆகும். ராக்பெல்லர் சிப்பிக்காகவே மூன்று முறை போய் வந்திருக்கிறேன். முதல் முறை அதைச் சாப்பிடாமலேயே திரும்பினேன். இரண்டாம் முறை சாப்பிட்டும் ருசி பிடிபடவில்லை. மூன்றாம் முறைதான் எல்லாம் சரியாக அமைந்தது. அந்த மூன்றாம் பயணத்தில் செய்ததை வரிசையாக எழுதுகிறேன். தங்குமிடம், கார் நிறுத்துவது போன்றவற்றை நீங்களே பார்த்துக்கொள்வீர்கள்.

படி 1: எந்தச் சிப்பி வேண்டும் என்று முடிவு செய்யுங்கள்

அந்த ஊரில் சூடாக வரும் சிப்பி பல வகை. மூன்றைத் தெரிந்துகொண்டால் போதும்.

முதலாவது ராக்பெல்லர். 1899இல் ஆன்ட்வான்ஸ் உணவகத்தில் ஜூல்ஸ் அல்சியாதோர் உருவாக்கியது. பிரான்சிலிருந்து வர வேண்டிய நத்தைக்குத் தட்டுப்பாடு ஏற்பட, உள்ளூரில் மலிந்து கிடந்த சிப்பியை எடுத்து, மேலே வெண்ணெயும் பச்சிலைகளும் சேர்த்த விழுதை வைத்து அடுப்பில் சுட்டார். அவ்வளவு செழிப்பான பண்டம் என்பதால் அன்றைய பெரும் பணக்காரர் ஜான் டி. ராக்பெல்லரின் பெயரை வைத்தார்கள்.

இரண்டாவது பியென்வில். இறால், காளான் சேர்த்த வெள்ளைச் சாற்றை மேலே வைத்துச் சுடுவது. 1718இல் ஊரை நிறுவிய பியென்வில் பிரபுவின் பெயர்.

மூன்றாவது தணலில் வாட்டியது. பூண்டு வெண்ணெயும் பாலாடைக்கட்டியும் போட்டு நேரடித் தீயில் வைப்பது. 1993இல் டிராகோஸ் உணவகத்தில் பிறந்தது. குரோஷியாவிலிருந்து வந்த குடும்பத்தின் உணவகம் அது. லூசியானாவில் சிப்பித் தொழிலை வளர்த்தவர்களில் குரோஷியர்களுக்குப் பெரிய பங்கு உண்டு.

முதல் முறை போகிறவர்கள் ராக்பெல்லரில் தொடங்குங்கள். பூண்டின் காரத்தை முதலில் நாக்கில் ஏற்றிக்கொண்டால் பிறகு பச்சிலையின் மெல்லிய வாசம் எட்டாது.

படி 2: பட்டியலில் உள்ள அந்த ஒரு சொல்

நான் முதல் பயணத்தில் தடுக்கி விழுந்தது இங்கேதான். ஆகவே கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள்.

ஊரில் பெயர்பெற்ற ஒரு சிப்பிக் கடையில் முக்கால் மணி நேரம் வரிசையில் நின்று உள்ளே போனோம். பட்டியலில் 'ஆன் தி ஹாஃப் ஷெல்' என்று இருந்தது. பாதி ஓட்டில் வைத்துப் பரிமாறுவது என்று பொருள் எடுத்துக்கொண்டேன். படங்களில் பார்த்த சுட்ட சிப்பியும் பாதி ஓட்டில்தானே இருக்கிறது! ஒரு டஜன் சொல்லிவிட்டேன். வந்தது, பனிக்கட்டி மேல் பளபளவென்று, வேகவைக்காத பச்சைச் சிப்பி பன்னிரண்டு. கூட வந்த அக்கா தட்டைப் பார்த்ததும் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளிவிட்டார். பணத்தைக் கட்டிவிட்டு வெளியே வந்தோம். மறுநாள் காலை கிளம்ப வேண்டியிருந்தது.

அந்தச் சொற்றொடர் இருந்தால் பச்சைச் சிப்பி என்றே பொருள். கடையின் மேல் குற்றமில்லை; அங்கே எல்லோருக்கும் தெரிந்த வழக்கு. நமக்கு வேண்டியது 'பேக்டு' என்றோ, 'ராக்பெல்லர்', 'பியென்வில்' என்று பெயர் சொல்லியோ இருக்கும். தணலில் வாட்டியதற்கு 'சார்பிராயில்டு' அல்லது 'சார்கிரில்டு'. சந்தேகம் இருந்தால் "சூடாக வருமா?" என்று ஒரே கேள்வி கேளுங்கள்.

படி 3: இடம்

என் வாக்கு ஆன்ட்வான்ஸுக்குத்தான். ஊரின் பழைய பகுதியான பிரெஞ்சு குவார்ட்டரில், செயின்ட் லூயிஸ் தெரு 713ஆம் எண். 1840இல் தொடங்கி இன்றும் அதே குடும்பத்தின் கையில் இருக்கிறது. ராக்பெல்லரின் செய்முறையை அவர்கள் வெளியே சொன்னதில்லை. ஆனால் ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்வார்கள்: அதில் பசலைக்கீரை கிடையாது.

இது சிறிய விஷயமில்லை. மற்ற ஊர்களில் ராக்பெல்லர் என்ற பெயரில் கிடைப்பது பெரும்பாலும் கீரையும் பாலாடைக்கட்டியும் குழைத்து மூடியதுதான். ஆன்ட்வான்ஸில் வருவது நம் வீட்டுக் கொத்தமல்லித் துவையல் பதத்தில், வழுவழுப்பான பச்சை விழுது. வாயில் வைத்ததும் முதலில் வெண்ணெய், பிறகு பச்சிலை, கடைசியில் மெல்லிய சோம்பு வாசம், அதன் அடியில் கடல் உப்போடு சிப்பி. கீரை போட்டதைச் சாப்பிட்டுவிட்டு "ராக்பெல்லர் பிடிக்கவில்லை" என்று சொல்கிறவர்களைக் கண்டால் எனக்கு மனம் கேட்பதில்லை. அவர்கள் அதை இன்னும் சாப்பிடவே இல்லை.

இரண்டாவது நாள் இருந்தால் பியென்வில் தெரு 813இல் உள்ள அர்னோஸ். 1918இல் தொடங்கியது. அங்கே 'ஆய்ஸ்டர்ஸ் அர்னோ' என்று கேட்டால் ஐந்து வகைச் சுட்ட சிப்பி ஒரே தட்டில் வரும். ராக்பெல்லரும் பியென்வில்லும் அதில் அடக்கம். ஒப்பிட்டுப் பார்க்க இதைவிட நல்ல வழி இல்லை. போர்பன் தெருவில் 1905இலிருந்து நடக்கும் கலதுவார்ஸிலும் ராக்பெல்லர் நன்றாகவே இருக்கும். ஆனால் அங்கே கீழ்த்தளத்தில் நெடுங்காலம் முன்பதிவு இல்லாமல் வரிசைதான்; இப்போது எப்படி என்று கேட்டுக்கொண்டு போங்கள். மாலை 5 மணிக்கு மேலும் ஞாயிறு முழுவதும் ஆண்கள் கோட்டு அணிய வேண்டும்.

ஆன்ட்வான்ஸுக்கு முன்பதிவு செய்துகொண்டு மதிய உணவுக்குப் போங்கள். அரைக்கால் சட்டை வேண்டாம். காலர் வைத்த சட்டை போதும்.

படி 4: சூடு ஆறுவதற்குள்

என் இரண்டாம் பயணம் கெட்டது இந்தப் படியில். சூப், உருளைக்கிழங்கு, மீன் எல்லாவற்றையும் ஒரேயடியாகச் சொல்லிவிட்டேன். மேசை நிறைந்தது. படம் எடுத்து, உறவினர்களுக்கு அனுப்பி, சூப்பை முடித்துவிட்டுச் சிப்பிக்கு வந்தபோது விழுதின் ஓரத்தில் வெண்ணெய் வெளுத்து உறையத் தொடங்கியிருந்தது. சோம்பு வாசம் போயே போய்விட்டது. ரப்பர் போன்ற ஒன்றை மென்று விழுங்கினேன்.

ஆகவே சிப்பியை மட்டும் முதலில் சொல்லுங்கள். அது முடிந்த பிறகு மற்றதைச் சொல்வதாகப் பரிமாறுபவரிடம் கூறிவிட்டால் முகம் சுளிக்காமல் கேட்டுக்கொள்வார். ஒருவருக்கு ஆறு சிப்பி தாராளம்.

ராக்பெல்லர் வழக்கமாகக் கல்லுப்புப் படுக்கையில் வரும். ஓடு கவிழாமல் நிற்கவும் சூட்டைப் பிடித்து வைக்கவும்தான் அந்த உப்பு. அது சாப்பிட அன்று. ஓட்டைக் கையால் தொடாதீர்கள், சுடும். கூடவே வைக்கும் சிறிய முள்கரண்டியால் சிப்பியின் அடிப்பக்கம் நுழைத்து, விழுது சிதறாமல் மொத்தமாக எடுத்து ஒரே வாயில் போடுங்கள். பெரிய கரண்டி எனக்குப் பிடிக்காது. அது விழுதை வழித்துக்கொண்டு சிப்பியை விட்டுவிடும். டபாஸ்கோ காரச்சாறு லூசியானாவின் சொத்துதான், பச்சைச் சிப்பிக்குப் பொருத்தமும்கூட. ராக்பெல்லர் மேல் ஒரு சொட்டும் விடாதீர்கள்.

பின்சேர்க்கை: "பன்றி இறைச்சி சேர்ப்பார்களா?" என்று இருவர் கேட்டிருந்தார்கள். சில உணவகங்கள் சுட்ட சிப்பியில் பேக்கன் சேர்க்கின்றன. சோம்பு வாசத்துக்கு ஹெர்ப்செயின்ட் போன்ற மதுவையும், பியென்வில்லில் வெள்ளைத் திராட்சை மதுவையும் ஊற்றுவது வழக்கம். விலக்கு உள்ளவர்கள் இரண்டையும் தனித்தனியாகக் கேளுங்கள். "மது உண்டா?" என்று மட்டும் கேட்டால் கோப்பையில் தருவதைப் பற்றிக் கேட்பதாக நினைத்துக்கொள்வார்கள்.

மீண்டும் ஒரு சேர்க்கை: அப்பாவுக்குக் கல்லீரல் கோளாறு, அழைத்துப் போகலாமா என்று ஒரு வாசகி கேட்டிருந்தார். கல்லீரல் நோய், நீரிழிவு, எதிர்ப்புச் சக்திக் குறைவு உள்ளவர்கள் பச்சைச் சிப்பியைத் தொடவே கூடாது. வெதுவெதுப்பான கடல்நீரில் வாழும் விப்ரியோ கிருமி அவர்களுக்கு உயிராபத்து. முழுக்க வெந்தால் அந்தக் கிருமி செத்துவிடும். ஆனால் மேலே பொன்னிறமானதாலேயே உள்ளே வெந்துவிட்டது என்று எடுத்துக்கொள்ள முடியாது. மருத்துவரிடம் கேட்டுவிட்டுக் கிளம்புங்கள். உணவகத்திலும் நன்றாக வேகவைக்கச் சொல்லுங்கள்.

போகும் மாதம்: கோடையில் சிப்பி முட்டையிட்டு இளைத்து, நீர்த்துப்போயிருக்கும். குளிர்காலத்தில் சதைப்பிடிப்பும் உப்புச் சுவையும் ஏறும். என் மூன்றாம் பயணம் ஜனவரியில். ஓட்டின் குழி நிறைய இருந்தது சிப்பி. அடியில் தேங்கிய பச்சை வெண்ணெயை விட மனமில்லாமல் பிரெஞ்சு ரொட்டியைப் பிட்டுத் தொட்டுக்கொண்டிருந்தோம். முதல் பயணத்தில் நாற்காலியைத் தள்ளிய அக்கா, என் தட்டில் இருந்த கடைசி ஓட்டையும் இழுத்துக்கொண்டார்.