கோடைப் பயணத்துக்குப் புத்தகம் எடுப்பது எப்படி: நீடாமங்கலம் கேட் கற்றுக்கொடுத்த கணக்கு

போன வருஷம் மே மாதம் கும்பகோணத்திலிருந்து கிளம்பி பன்னிரண்டு நாள் சுற்றினோம். மயிலாடுதுறையில் நாத்தனார் வீடு, மன்னார்குடியில் அம்மாச்சி வீடு, கடைசியாக வேதாரண்யத்தில் ஒரு கல்யாணம். பையில் ஏழு புத்தகம். திரும்பி வந்து கணக்குப் பார்த்தால் படித்தது மொத்தம் அறுபத்து மூன்று பக்கம். அதிலும் நாற்பது பக்கம், அம்மாச்சி வீட்டு அலமாரியில் அட்டை இல்லாமல் கிடந்த ஏதோ பழைய தொடர்கதை பைண்டிங். நான் சுமந்து போனதில் இருபத்து மூன்றே பக்கம். சுமந்தது நான் என்று சொன்னால் வீட்டுக்காரர் கோபித்துக்கொள்வார். ஒவ்வொரு பஸ் ஸ்டாண்டிலும் பையை இறக்கி வைத்துவிட்டு ஒரு பெருமூச்சு விடுவார், அவ்வளவுதான்.

இந்த வருஷம் மூன்று எடுத்துப் போனேன். இரண்டு முடிந்தது, மூன்றாவது பாதியைத் தாண்டிவிட்டது. நடுவில் என்ன மாறியது என்பதுதான் இந்தப் பதிவு. எந்த எழுத்தாளர் பெரியவர் என்கிற பஞ்சாயத்துக்குள் போகவில்லை.

படி 1: பயணத்தைத் துண்டு போடுங்கள்

புத்தக அலமாரி முன்னால் போய் நிற்காதீர்கள். முதலில் ஒரு தாளில் எங்கெங்கே உட்காரப் போகிறீர்கள் என்று எழுதுங்கள். என்னுடையது இப்படி வந்தது: மன்னார்குடி பஸ், மயிலாடுதுறை தஞ்சாவூர் பாசஞ்சர் ரயில், அம்மாச்சி வீட்டுத் திண்ணையில் மத்தியானம் ஒன்றிலிருந்து நான்கு, கல்யாண மண்டபம். மண்டபத்தை அடித்துவிடுங்கள். அங்கே யாரும் படித்ததில்லை, படிக்க விடவும் மாட்டார்கள்.

மீதி மூன்று இடத்துக்கும் மூன்று தனித்தனிப் புத்தகம். இதற்கு மேல் இந்தப் படியில் ஒன்றும் இல்லை.

படி 2: நிறுத்தத்துக்கு நிறுத்தம் எத்தனை பக்கம்?

நான் சறுக்கியது இங்கேதான். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

போன வருஷம் மன்னார்குடி பஸ்ஸில் கையில் வைத்திருந்தது ஒரு நாவல். பெயர் வேண்டாம், நல்ல நாவல்தான். ஆனால் அத்தியாயமே கிடையாது. ஒரு பத்தி நான்கு பக்கம் ஓடும். வலங்கைமான் வரைக்கும் கண்டக்டர், சில்லறை, பக்கத்து சீட்டுக் குழந்தை. பிறகு நீடாமங்கலம் ரயில்வே கேட். அந்த கேட்டைப் பற்றி டெல்டாக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. வண்டி நின்றதும் டிரைவர் என்ஜினை அணைத்தார். சரி, இப்போதாவது படிப்போம் என்று பிரித்தால், விட்ட இடம் தெரியவில்லை. பத்தியின் ஆரம்பத்துக்குப் போனேன். பாதி வருவதற்குள் வெள்ளரிப்பிஞ்சு வந்தது. மறுபடி ஆரம்பம். ஒரு கூட்ஸ் போனது, கேட் திறக்கவில்லை, எதிர்ப்பக்கம் இன்னொரு வண்டியாம். மறுபடி ஆரம்பம். பக்கத்தில் கூடையோடு உட்கார்ந்திருந்த ஆத்தா ரொம்ப நேரம் பார்த்துவிட்டுக் கேட்டார்:

“ஏம்மா, கேட்டுல நின்னதுலேருந்து அதே பக்கத்தையே பாத்துக்கிட்டிருக்கியே, எழுத்து சரியா தெரியலையா?”

தெரிந்தது ஆத்தா, மண்டையில்தான் ஏறவில்லை.

அப்போதுதான் உறைத்தது. பயணத்தில் ஒரு புத்தகம் மொத்தம் எத்தனை பக்கம் என்பதைப் பார்த்து ஒரு பிரயோஜனமும் இல்லை. விட்டுவிட்டு எழுந்திருக்க எத்தனை பக்கத்துக்கு ஒரு தடவை இடம் கொடுக்கிறது என்று பார்க்க வேண்டும். சோதிக்கும் விதம் இது:

புத்தகத்தைக் கண்ணை மூடி மூன்று இடத்தில் பிரியுங்கள். ஒவ்வொரு இடத்திலிருந்தும் அடுத்த அத்தியாய முடிவோ, நட்சத்திரக் குறியோ, ஒரு வரி வெற்றிடமோ வரும்வரை பக்கத்தை எண்ணுங்கள். மூன்றில் பெரிய எண்தான் உங்கள் எண். சராசரி எடுக்காதீர்கள். நான் எடுத்து ஏமாந்தேன். சின்ன அத்தியாயமெல்லாம் வீட்டிலேயே முடிந்து, பெரியதுதான் பஸ்ஸில் மாட்டும்.

அடுத்து உங்கள் வேகம். வீட்டில் எனக்குப் பக்கத்துக்கு ஒன்றே முக்கால் நிமிஷம். பஸ்ஸில் அதே பக்கத்துக்கு நான்கு நிமிஷம் ஆகிறது. வேகம் குறைந்து இல்லை, நடுவில் நடக்கிற எல்லாவற்றையும் சேர்த்து. ஆக ஒரு மணி நேர பஸ்ஸுக்குப் பதினைந்து பக்கம். ஏழு பக்கத்துக்கு ஒரு முடிவு வரும் புத்தகம் என்றால் இரண்டு இடத்தில் நிம்மதியாக மூடி வைக்கலாம். முப்பது பக்கத்துக்கு ஒரு முடிவு என்றால் அது திண்ணைக்கு.

இந்தக் கணக்குப்படி பஸ்ஸுக்குச் சிறுகதைதான். எங்கள் ஊர்க்காரர் கு.ப. ராஜகோபாலன் இதற்கென்றே எழுதினாரோ என்று தோன்றும். நான்கு பேர், ஒரு அறை, ஏழெட்டுப் பக்கம், முடிந்தது. ஒரு கதைக்கு ஒரு கேட். ஒரே ஒரு எச்சரிக்கை: ‘விடியுமா?’ கதையை இரவு ரயிலில் படிக்காதீர்கள். தந்தி வந்து, அக்காவும் தம்பியும் ராத்திரி வண்டியில் சென்னைக்குப் போகிற கதை. பகலில் படித்தாலே வயிற்றைப் பிசையும்.

ரயிலுக்கு, பத்திரிகையில் தொடராக வந்தவை பொருந்தும். வாரா வாரம் எழுதியது என்பதால் அளவு தானாகவே அடங்கியிருக்கும். உ.வே. சாமிநாதையரின் ‘என் சரித்திரம்’ 1940 முதல் 1942 வரை ஆனந்த விகடனில் அப்படி வந்ததுதான். மொத்தமாகப் பார்த்தால் தலையணை. அத்தியாயமாகப் பார்த்தால் குத்தாலத்தில் ஆரம்பித்தது ஆடுதுறைக்குள் முடிந்துவிடும். அதோடு அந்த ரயில் பாதையே அவருடையது மாதிரிதான். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பாடம் கேட்டது மாயூரத்தில் (இன்றைய மயிலாடுதுறை), 1880இல் வேலைக்குச் சேர்ந்தது கும்பகோணம் கல்லூரியில், சொந்த ஊரான உத்தமதானபுரம் பாபநாசத்துக்குப் பக்கத்தில். தஞ்சாவூர் ராஜா ஏகாதசியன்று மறந்துபோய் வெற்றிலை போட்டுக்கொண்டதற்குப் பரிகாரமாக உண்டான ஊர் அது என்று முதல் அத்தியாயத்திலேயே சொல்கிறார். பாபநாசம் ஸ்டேஷனில் வண்டி நின்றபோது அதை என் மகளுக்குப் படித்துக் காட்டினேன். “வெத்தல போட்டா ஊரே குடுக்கணுமா?” என்றாள். அன்றைக்கு வெற்றிலைக் கொடிக்காலைப் பார்க்கும்போதெல்லாம் சிரித்தாள்.

படி 3: மாசத்தைப் பாருங்கள்

இதை யாரும் சொல்ல மாட்டார்கள். ‘பொன்னியின் செல்வன்’ முதல் பாகம் ஆடிப்பெருக்கில், வீரநாராயண ஏரிக் கரையில் தொடங்குகிறது. பாகத்தின் பெயரே ‘புது வெள்ளம்’. காவிரியில் தண்ணீர் வர மேட்டூர் அணையைத் திறப்பதற்கு வழக்கமான தேதி ஜூன் 12. நாம் பயணம் போவது மே மாதம். கத்திரி வெயிலில் பாலத்தைக் கடக்கும்போது கீழே மணலும் நாணலும் நான்கைந்து ஆடும்தான் இருக்கும். மடியில் நுங்கும் நுரையுமாக வெள்ளம். எனக்கு அது ஒட்டவில்லை. முதல் பாகத்தை ஆடிக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

ஏற்கெனவே ஒரு தடவை படித்தவர்கள் கோடையில் இரண்டாம் பாகத்தை மட்டும் எடுங்கள். ‘சுழற்காற்று’ கோடிக்கரையில், கடலோரத்தில், பூங்குழலியோடு தொடங்குகிறது. எனக்கு வேதாரண்யத்தில் கல்யாணம். கோடிக்கரை அங்கிருந்து கொஞ்ச தூரம்தான். முகூர்த்தம் முடிந்த மறுநாள் சாயங்காலம் அந்தக் கடற்கரையில் உட்கார்ந்து முதல் இரண்டு அத்தியாயம் படித்தேன். ஐந்து பாகத்தையும் செட்டாகத் தூக்கிப் போக வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை.

வறண்ட ஆற்றைப் பார்த்துக்கொண்டே படிக்க வேண்டும் என்றால், சிட்டியும் தி. ஜானகிராமனும் சேர்ந்து எழுதிய ‘நடந்தாய் வாழி காவேரி’ இருக்கிறது. ஆற்றோடு கூடவே போகும் பயண நூல். நம் ஊருக்கு வருவதற்கு முன் அது எங்கெல்லாம் ஓடியது என்று தெரிந்துகொள்ளலாம்.

இந்திரா பார்த்தசாரதியின் ‘குருதிப்புனல்’ சின்னப் புத்தகம்தானே என்று திண்ணைக்கு எடுத்துப் போகாதீர்கள். 1968 கீழ்வெண்மணிப் படுகொலையை வைத்து எழுதியது. கட்டாயம் படிக்க வேண்டியது. ஆனால் அதை மூடி வைத்துவிட்டு உடனே பந்தியில் போய் உட்கார என்னால் முடியவில்லை.

படி 4: கையில் எடுத்துப் பாருங்கள்

மலிவுப் பதிப்பு வேண்டாம். வீட்டுக்குச் சரி, பயணத்துக்கு வேண்டாம். ஒரு தாளை ஜன்னல் வெளிச்சத்துக்கு நேராகப் பிடியுங்கள். பின்பக்க எழுத்து முன்னால் தெரிந்தால் பஸ் ஜன்னலோர வெயிலில் இரண்டு பக்கத்தையும் சேர்த்துப் படிப்பீர்கள்.

பைண்டிங் இன்னும் முக்கியம். வெறும் பசை போட்டு ஒட்டியதா, நூல் போட்டுத் தைத்ததா என்று முதுகுப் பக்கம் மேலிருந்து பாருங்கள். என்னுடைய ஒன்றை பஸ்ஸில் என்ஜின் பெட்டிமேல் வைத்திருந்தேன். மே மாதம், என்ஜின் சூடு, பசை இளகிவிட்டது. இறங்கும்போது புத்தகத்தைத் தூக்கினால் அட்டை மட்டும் கையில் வந்தது. மீதியைக் கண்டக்டரும் இரண்டு பள்ளிப் பிள்ளைகளும் பொறுக்கிக் கொடுத்தார்கள்; பக்கம் 97 இன்னும் கிடைக்கவில்லை.

எழுத்தின் அளவு பற்றி ஒரு கிளைக்கதை. தரங்கம்பாடி போகிறவர்கள் டேனிஷ் கோட்டையை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். 1706இல் அங்கே வந்திறங்கிய ஜெர்மன் பாதிரியார் சீகன்பால்கு அச்சகம் வைத்து, தமிழில் புதிய ஏற்பாட்டை அச்சிட்டார். ஜெர்மனியிலிருந்து வார்த்து வந்த தமிழ் எழுத்துகள் ரொம்பப் பெரிசு, காகிதமோ அரிது. அதனால் சின்ன எழுத்துகளை இங்கேயே வார்த்துக்கொண்டார்கள். காகிதத்தை மிச்சம் பிடிக்க எழுத்தைச் சுருக்கும் பழக்கம் முந்நூறு வருஷப் பழசு. நமக்கு வேண்டியது பெரிய எழுத்து. ஆடுகிற வண்டியில் சின்ன எழுத்து தலைவலியில்தான் முடியும்.

படி 5: தலையணைகளைப் போனில் ஏற்றுங்கள்

‘என் சரித்திரம்’ நான் காகிதத்தில் எடுத்துப் போகவில்லை. பதிப்புரிமைக் காலம் முடிந்த நூல்கள் இணையத்தில் இலவசமாகவே இருக்கின்றன. 1998 பொங்கலுக்குத் தொடங்கிய மதுரைத் திட்டம்தான் நான் முதலில் தேடும் இடம். இரண்டாவது, ஃப்ரீ தமிழ் இபுக்ஸ் தளம்.

திரை அகலத்துக்கு ஏற்ப வரிகள் தானாக மடங்கும் இபப் (EPUB) வடிவம்தான் எடுக்க வேண்டும். பிடிஎஃப் எடுத்தால் ஏ4 தாள் அப்படியே போன் திரைக்குள் உட்கார்ந்துகொள்ளும். ஒவ்வொரு வரிக்கும் இழுத்து இழுத்து விரல் தேயும். படிக்க ரீட்எரா செயலி போதும், விளம்பரம் கிடையாது. கிண்டில் வைத்திருப்பவர்கள் பாக்கியசாலிகள். வெயிலில் போன் திரை கண்ணாடி மாதிரி நம் மூஞ்சியைத்தான் காட்டும், கிண்டிலில் அந்தத் தொல்லை இல்லை. கிளம்புவதற்கு முன் வீட்டு வைஃபையிலேயே இறக்கி, ஏரோபிளேன் மோடு போட்டுத் திறக்கிறதா என்று ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.

படி 6: மூன்றோடு நிறுத்துங்கள்

ஒன்று பஸ், ஒன்று ரயில், ஒன்று திண்ணை. நான்காவதாக ஒன்றை எடுக்கக் கை போகும். வேண்டாம். போகிற வீட்டு அலமாரியில் எப்படியும் ஏதாவது இருக்கும். மஞ்சப்பை ஒன்றில் தனியாகப் போட்டு, அதைப் பெரிய பைக்குள் வைக்காமல் மடியில் வைத்துக்கொள்ளுங்கள். மேலே கேரியரில் போன புத்தகம் ஊர் வந்துதான் இறங்கும்.

பின்சேர்க்கை 1: பஸ்ஸில் படித்தால் குமட்டுகிறது என்று மூன்று பேர் எழுதியிருந்தார்கள். எனக்கு அந்தத் தொந்தரவு இல்லாததால் தோன்றவே இல்லை, மன்னிக்கவும். வண்டி ஓடும்போது ஒலிநூல் கேளுங்கள், நிற்கும்போது மட்டும் படியுங்கள். நீடாமங்கலம் வழி போகிறவர்களுக்கு இதுவே தாராளம்.

பின்சேர்க்கை 2: இறக்கிய கோப்பில் தமிழுக்குப் பதில் கிறுக்கல் வருகிறதாம். அது யூனிகோடுக்கு முந்தைய எழுத்துருவில் தட்டச்சு செய்த பழைய கோப்பு. அதே நூலின் யூனிகோடு வடிவம் இருக்கிறதா என்று பாருங்கள். கிண்டிலுக்கு என்று பழைய மோபி (MOBI) வடிவக் கோப்பைத் தேட வேண்டாம். 2022இலிருந்து இபப் கோப்பையே அனுப்பலாம்.

பின்சேர்க்கை 3: பத்து வயதுப் பிள்ளைக்கு என்ன எடுப்பது என்று கேட்டவருக்கு: நீங்கள் எடுக்காதீர்கள். என் மகள் தானே தேர்ந்தெடுத்தது ஒரு பாம்புப் புத்தகம். பன்னிரண்டு நாளில் நான்கு தடவை படித்தாள். அம்மாச்சிக்கு அதில் கட்டுவிரியன் படத்தைக் காட்டியதிலிருந்து அவர் ராத்திரி கொல்லைப்பக்கம் போக டார்ச் கேட்கிறார்.