சேவ் எடிட்டரைத் திறக்கும் முன்: மோஸ்ட் வான்டடில் பலரும் செய்யும் தவறுகள்

2005-இல் வந்த கார் ரேஸ் ஆட்டமான நீட் ஃபார் ஸ்பீடு மோஸ்ட் வான்டடை இன்றும் விடாமல் ஆடுகிறவர்கள் இருக்கிறார்கள். பழைய ஹார்ட் டிஸ்க்கோடு பாதி முடித்த கேரியரும் போய்விட்டால், மறுபடி பிளாக்லிஸ்டின் (ஒவ்வொருவராக வெல்ல வேண்டிய எதிராளிகளின் பட்டியல்) 15-ஆம் ஆளிலிருந்து தொடங்க யாருக்குப் பொறுமை? அப்போதுதான் சேவ் எடிட்டர், அதாவது ஆட்டம் சேமித்துவைக்கும் ஃபைலைத் திருத்தும் மென்பொருள், ஞாபகம் வரும். ஃபைல் கெட்டதும் எடிட்டரைத்தான் எல்லாரும் திட்டுவார்கள். பெரும்பாலும் தப்பு நம் கையில்தான்.

ஆட்டத்தை மூடாமல் திருத்துவதுதான் முதல் தவறு. நானே செய்திருக்கிறேன். ஆல்ட்-டேப் அடித்து வெளியே வந்து, பணத்தை ஏற்றிவிட்டு உள்ளே போனால் பழைய தொகையே நிற்கிறது. ஆட்டம் ஃபைலை ஒருமுறை படித்து மெமரியில் வைத்துக்கொள்ளும். அடுத்த ஆட்டோசேவில் அதையே திரும்ப எழுதிவிடும், நம் திருத்தம் போன இடம் தெரியாது.

சேவ் இருப்பது டாக்குமென்ட்ஸில், ஆட்டத்தின் ஃபோல்டருக்குள். ப்ரொஃபைல் பெயரில் ஒரு ஃபோல்டர், அதற்குள் அதே பெயரில் ஒரு ஃபைல். நண்பர் கொடுத்த சேவ் ஃபைலைப் போட்டு, ஃபோல்டர் பெயரை மட்டும் மாற்றினால் வேலைக்காகாது. பேக்கப் எடுப்பதானால் ஃபோல்டரை முழுசாக வேறு டிரைவில் வையுங்கள். ஒன்டிரைவ் (மைக்ரோசாஃப்டின் ஆன்லைன் சேமிப்பு) ஓடுகிற கம்ப்யூட்டரில் டாக்குமென்ட்ஸ் இரண்டு இடத்தில் இருக்கலாம். ஆட்டம் தொடாத ஃபைலை அரை மணி நேரம் திருத்திக்கொண்டிருப்பவர்களும் உண்டு!

ஃபைலின் பைட்டுகளை அப்படியே காட்டும் ஹெக்ஸ் எடிட்டரில் நேராக இறங்குகிறவர்களுக்கு இரண்டு பொறிகள். ஒன்று, எண்ணின் பைட்டுகள் தலைகீழ் வரிசையில் இருக்கும். 10,000 என்பது ஹெக்ஸில் (16-ஐ அடிமானமாகக் கொண்ட எண்முறை) 2710. ஃபைலில் அது 10 27 00 00 என்று கிடக்கும். 27 10 என்று தேடினால் கிடைக்காது. இன்னொன்று செக்சம், அதாவது ஃபைல் மாறியிருக்கிறதா என்று ஆட்டம் சரிபார்க்கும் எண். ஒரு பைட்டை மாற்றினாலும் கணக்கு உதைக்கும், ஆட்டம் ஃபைல் கெட்டுவிட்டது என்று சொல்லிவிடும். இந்த ஆட்டத்துக்கென்றே எழுதிய எடிட்டர் செக்சத்தையும் சேர்த்துத் திருத்திவிடும், அதனால் அதுவே மேல்.

அப்புறம் பேராசை. இப்படி நான்கு பைட்டில் வைக்கும் எண்ணுக்கு வழக்கமான உச்சம் 2,147,483,647. அதைத் தாண்டினால் மைனஸில் போய் நிற்கும். சில லட்சங்களே தாராளம். பவுன்டியை (போலீஸ் துரத்தலில் சேரும் புள்ளி) மட்டும் ஏற்றிவிட்டு எதிராளி வரவில்லையே என்று காத்திருப்பதும் வீண்: ரேஸ் வெற்றி, மைல்ஸ்டோன் (போலீஸ் துரத்தலில் முடிக்க வேண்டிய சவால்கள்), பவுன்டி மூன்றும் நிறைந்தால்தான் அந்த ஆளோடு மோத முடியும். எனவே ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி, ஒரு ரேஸ் ஓட்டி, வெளியேறித் திரும்ப லோட் செய்து பாருங்கள்.

மோட் (ரசிகர்கள் செய்து ஆட்டத்தில் சேர்க்கும் கூடுதல்) கார்களை கராஜில் வைத்துக்கொண்டே அந்த மோடை அழித்துவிட்டால் கராஜைத் திறந்ததும் ஆட்டம் கிராஷ் ஆகலாம். முதலில் காரை விற்றுவிடுங்கள். ஃபோர்ஸா ஹொரைசன் மாதிரி ஆன்லைன் ஆட்டங்களிலோ இந்த வேலையே வேண்டாம், கணக்கையே முடக்கிவிடுவார்கள்.